ஒற்றர் கதை உரைத்த எர்ஸ்கின் சில்டர்ஸ்

ஒரு நாட்டின் வலிமை படைப்பெருக்கத்தால் மட்டும் அமைவதன்று. மாற்றார் மறைவிற் செய்யும் சூழ்ச்சியை முன்னரே அறிந்து விழிப்போடிருத்தலாலும் அமைவது. இவ்வுண்மையைக் கதை வடிவில் எடுத்துரைத்துப் பெரும்புகழ் எய்திய நூல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. ‘மணல்களின் புதிர்’ என்பது அதன் பெயர். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், துப்பறியும் கதைக்குரிய சுவையும் நாடுகளிடையே நிகழும் ஒற்றாடல் பற்றிய செய்தியும் ஒருங்கே அமையப் பெற்றது. பின்வந்த ஒற்றர் கதைகள் பலவற்றுக்கும் முன்னோடியாக விளங்குவது. அதனை இயற்றியவர் எர்ஸ்கின் சில்டர்ஸ் என்னும் பெரியார். அவர் எழுதிய புதினம் அஃது ஒன்றே. எனினும், அவர்தம் வாழ்வு அப்புதினத்தினும் வியப்பு மிக்கது. பகைவர்க்கு உளவாக நின்றான் ஒருவனைக் கண்டறியும் கதையைப் படைத்த அவரையே, பிற்காலத்தில் ஒரு நாட்டார் ஒற்றர் என ஐயுற்றனர்; மற்றொரு நாட்டார் இரண்டகம் செய்தவர் எனப் பழித்தனர். அவ்விரு பழிகளையும் தாங்கி, யார்மீதும் பகை கொள்ளாது உயிர்விட்ட அப்பெருமகனின் வரலாறு நாம் அறியத்தக்கது.

இளமைப் பருவம்

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1870ஆம் ஆண்டு சூன் திங்கள் 25ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் இராபர்ட் சீசர் சில்டர்ஸ் என்பவர் இலங்கையில் ஆங்கில அரசின் ஆட்சிப் பணியில் இருந்தவர். ஆங்குப் பௌத்த நூல்கள்பாலும் பாலி மொழியின்பாலும் பற்றுக் கொண்ட அவர், உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும் அம்மொழியைக் கைவிட்டிலர்; பல்லாண்டு உழைத்துப் பாலி மொழிக்கு அகராதி ஒன்று தொகுத்தார். அதன் இரு பகுதிகளும் 1872, 1875ஆம் ஆண்டுகளில் வெளிவந்து அறிஞர்தம் பாராட்டைப் பெற்றன. அடுத்த ஆண்டிலேயே அவர் காசநோயால் காலமானார். அப்போது எர்ஸ்கினுக்கு வயது ஆறு.

தாயார் அன்னா, அயர்லாந்து நாட்டின் விக்லோ மாவட்டத்துப் பார்ட்டன் குடும்பத்தில் தோன்றியவர். கணவரைப் பற்றிய கொடுநோய் அவரையும் பற்றியது. அந்நோய் பிள்ளைகளையும் தொற்றிவிடும் என அஞ்சியமையால், அவர் தனியே ஒரு மருத்துவ இல்லத்திற் சேர்க்கப்பட்டார். பெற்ற மக்கள் ஐவரையும் மீண்டும் காணாமலே சில ஆண்டுகளில் உயிர் நீத்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகள், விக்லோ மலைகளிடையே அமைந்த கிளெண்டலாக் இல்லத்தில் தாய்வழி உறவினரால் அன்போடு வளர்க்கப்பெற்றனர். இங்கிலாந்திற் பிறந்த எர்ஸ்கின் அயர்லாந்தைத் தம் இல்லமாகக் கொண்டமை இவ்வாறே. இரு நாடுகளும் அவர் உள்ளத்திற் குடிகொண்டன. அதுவே அவர் வாழ்வின் சிறப்புக்கும் துன்பத்துக்கும் வித்தாயிற்று.

கடல் பயிற்றிய கல்வி

எய்லிபரிப் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டிரினிடி கல்லூரியிலும் பயின்ற சில்டர்ஸ், 1895ஆம் ஆண்டில் ஆங்கில நாடாளுமன்றத்தின் மக்கள் மன்றத்தில் எழுத்தராகப் பணியேற்றார். இடுப்பு நரம்பு நோயால் அவர் சற்றே கால் சாய்த்து நடப்பார். கண் பார்வையும் கூர்மை குன்றியது. அமைதியும் அடக்கமும் நிறைந்த அவ்வெழுத்தரைக் கண்டோர், அவர் கடலோடுவதில் வல்லவர் என எளிதில் நம்பார். மன்றம் கூடாத விடுமுறைத் திங்கள்களில் அவர் சிறு பாய்மரப் படகேறி வடகடலுக்குப் புறப்பட்டுவிடுவார்.

1897ஆம் ஆண்டில், மீட்புப் படகு ஒன்றைத் திருத்தியமைத்த ‘விக்சன்’ என்னும் படகில், உடன்பிறந்தார் ஹென்றியோடு ஜெர்மனியின் பிரிசியத் தீவுகளையும் பால்டிக் கடலையும் அவர் சுற்றி வந்தார். பிரிசியக் கடற்கரை விந்தையானது. கரைக்கும் சிறு தீவுகளுக்கும் இடையே அகன்ற மணற்பரப்பு உள்ளது. கடல் ஓதம் ஏறுங்கால் அது நீருள் மறையும். ஓதம் வடியுங்கால் மீண்டும் வெளித் தோன்றும். அம்மணலின் ஊடே வளைந்து நெளிந்து ஓடும் கால்வாய்களின் போக்கறியாதார் கலம் தரைதட்டிச் சிதையும். சில்டர்ஸ் நீரின் ஆழத்தை அளந்தும், திசைகாட்டியை நோக்கியும், ஓதத்தின் நேரத்தைக் கணித்தும் அவ்வழிகளைக் கற்றார். நாள்தோறும் கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அக்குறிப்புகளே பின்னர் அவர் புதினத்துக்கு அடிப்படையாயின.

1900ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு நிகழ்ந்த போரில் ஆங்கிலப் படைக்குத் தொண்டராகச் சென்றார். பீரங்கிப் படையில் குதிரைவண்டி ஓட்டும் எளிய வீரராகப் பணிபுரிந்தார். அக்காலத்தில் அவர் ஆங்கிலப் பேரரசின்பால் முழுப்பற்றுக் கொண்டிருந்தார். எனினும், தம் நிலத்துக்காகப் போராடிய போயர்களின் உறுதி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

மணல்களின் புதிர்

போரினின்று மீண்ட சில்டர்ஸ் தம் புதினத்தை எழுதி முடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி தன் கடற்படையை விரைந்து பெருக்கிற்று. இங்கிலாந்தோ தன் வடகடற் கரையைப் போதிய காவலின்றி விட்டிருந்தது. இக்குறையை மக்களுக்கு உணர்த்தவே அவர் கதையைக் கருவியாகக் கொண்டார்.

காருதர்ஸ் என்பவன் அயல்நாட்டு அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞன். உடை நலத்திலும் விருந்து நலத்திலும் நாட்டம் மிக்கவன். டேவிஸ் என்னும் பழைய நண்பன், காட்டு வாத்து வேட்டையாடலாம் எனக் கூறிப் பால்டிக் கடலுக்கு அவனை அழைக்கிறான். உல்லாசக் கப்பலை எதிர்பார்த்துச் சென்ற காருதர்ஸ், ஆங்கே ‘டல்சிபெல்லா’ என்னும் இடுக்கமான சிறு படகைக் கண்டு மனஞ் சோர்கிறான். அப்படகின் பெயர் நூலாசிரியரின் தங்கையாரது பெயராகும். நண்பன் தன்னை அழைத்தது வாத்து வேட்டைக்கன்று என்பது சில நாட்களில் காருதர்சுக்குத் தெரிய வருகிறது. டால்மன் என்னும் ஒருவன், புயற்காலத்தில் வழி காட்டுவான் போல முன்சென்று, டேவிசின் படகை மணலில் மோதவைத்து அழிக்க முயன்றிருந்தான். அவன் ஏன் அவ்வாறு செய்தான்? அம்மணற்பரப்பில் அயலார் காணலாகாத பொருள் யாது? இவ்வினாக்களே கதையை நடத்துகின்றன.

நண்பர் இருவரும் கால்வாய்களை ஒவ்வொன்றாக ஆராய்கின்றனர். மெம்மர்ட் என்னும் மணல்தீவில், மூழ்கிய கப்பலொன்றின் பொன்னை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு சிலர் கூடுகின்றனர். ஒரு நாள் கண்ணை மறைக்கும் மூடுபனியில் காருதர்ஸ் துடுப்பு வலிக்க, டேவிஸ் திசைகாட்டியையும் நீரின் ஆழத்தையும் மட்டும் துணையாகக் கொண்டு பல கல் தொலைவிலுள்ள அத்தீவுக்குப் படகைத் தவறாது செலுத்துகிறான். சில்டர்சின் கடலறிவு முழுதும் அப்பகுதியில் ஒளிர்கிறது.

இறுதியில் மறைபொருள் வெளிப்படுகிறது. கரையோரத்து ஓடைகள் ஏழிலிருந்து, தட்டையான அடியுடைய தோணிகளில் படைவீரரை ஏற்றி, இழுவைக் கப்பல்களால் வடகடலைக் கடத்தி, இங்கிலாந்தின் கரையில் திடீரென இறக்குவதே ஜெர்மானியர் வகுத்த திட்டம். டால்மனோ ஜெர்மானியன் அல்லன். முன்னர் ஆங்கிலக் கடற்படையில் அலுவலனாக இருந்து, தாயகத்தை மறந்து, பெயரை மாற்றி, மாற்றார்க்கு உளவாக நின்றவன். அகப்பட்ட அவன், நண்பர்தம் படகில் அழைத்துச் செல்லப்படும்போது இரவில் ஒருவருமறியாது கடலில் மறைகிறான். அவன் மகள் கிளாரா குற்றமற்றவள். டேவிசின் அன்புக்கு உரியவள். அவளை எண்ணி அத்தீயோன்மீதும் நண்பர்கள் இரக்கம் காட்டுகின்றனர். பகைவனையும் மனிதனாகக் காணும் அவ்வுள்ளம் நூலாசிரியர்க்கே உரியது.

கதையென்று தோன்றாவாறு, உண்மை நிகழ்ச்சியைத் தாம் பதிப்பித்ததுபோல் நூலை அமைத்த சில்டர்ஸ், கடற்படங்களையும் உடன் சேர்த்திருந்தார். மக்கள் அதனைப் பெருவிருப்போடு படித்தனர். கீழ்க்கரையின் காவலைக் குறித்து நாடெங்கும் பேச்செழுந்தது. 1910ஆம் ஆண்டில் பிராண்டன், டிரெஞ்ச் என்னும் ஆங்கில அலுவலர் இருவர் அக்கடற்கரையில் உளவு பார்த்ததாக ஜெர்மனியிற் பிடிபட்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். அவ்வழக்கிலும் இந்நூல் பேசப்பட்டது என்றால், கற்பனைக்கும் நடப்புக்கும் இடையிருந்த தொலைவு எத்துணைச் சிறிது என்பது விளங்கும்.

மனமாற்றம்

புதினம் வெளிவந்த ஆண்டிலேயே சில்டர்ஸ் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். ஆங்கு மேரி ஆல்டன் ஆஸ்குட் என்னும் நங்கையைக் கண்டு, 1904ஆம் ஆண்டு சனவரியில் மணந்துகொண்டார். மாலி என அழைக்கப்பெற்ற அவ்வம்மையார் இளமையில் நேர்ந்த விபத்தால் நடத்தற்கு இடர்ப்படுவார். ஆயினும் கணவரோடு கடலோடுவதில் சிறிதும் பின்வாங்கார். மணப்பரிசாக மாமனார் அளித்த பாய்மரக் கலம், நார்வே நாட்டுக் கலைஞர் காலின் ஆர்ச்சரால் 1905ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. ‘ஆஸ்கார்டு’ என்பது அதன் பெயர்.

அந்நாளில் அயர்லாந்து ஆங்கில நாடாளுமன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டி அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகக் கிளர்ச்சி செய்துவந்தனர். சில்டர்ஸ் அவர்தம் நிலையை நேரிற் கண்டு ஆராய்ந்தார். முன்னர்த் தாம் கொண்டிருந்த கருத்து தவறு எனத் தெளிந்தார். தெளிந்தபின் வாளா இருத்தல் அவர் இயல்பன்று. 1910ஆம் ஆண்டில் நாடாளுமன்றப் பணியைத் துறந்தார். அடுத்த ஆண்டில் அயர்லாந்தின் தன்னாட்சி அமைய வேண்டிய முறையை விளக்கிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார்.

1914ஆம் ஆண்டில் தன்னாட்சியை எதிர்த்த வடபகுதித் தொண்டர்கள் கடல் வழியே பெருந்தொகைத் துப்பாக்கிகளைக் கொணர்ந்தனர். அது கண்ட தன்னாட்சி விரும்பிகளும் படைக்கலம் தேடினர். அவற்றைக் கொணரும் பொறுப்பைச் சில்டர்ஸ் ஏற்றார். மனைவியாரும் நண்பர் சிலரும் உடன்வர, ஆஸ்கார்டு கலத்தில் புறப்பட்டு, பெல்ஜியக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் இழுவைக் கப்பலொன்றினின்று 900 துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் ஏற்றிக்கொண்டார். உறங்கவும் உண்ணவும் இடமின்றிக் கலமெங்கும் துப்பாக்கிகள் நிறைந்தன. ஆங்கிலப் போர்க்கப்பல்களின் நடுவேயும், கடும் புயலின் ஊடேயும் அதனைச் செலுத்தி, சூலைத் திங்கள் 26ஆம் நாள் டப்ளினை அடுத்த ஹவுத் துறைமுகத்தைக் குறித்த வேளையில் அடைந்தார். பலர் காணப் பட்டப்பகலில் படைக்கலங்கள் இறக்கப்பட்டன. அன்று மாலை டப்ளின் நகரத் தெருவில் படைவீரர் சுட்டதில் பொதுமக்கள் சிலர் உயிரிழந்தனர்.

இரு கடமைகள்

சில நாட்களில் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனி பெல்ஜியத்துள் புகுந்தது. சிறு நாடுகளின் உரிமை காக்கவே இங்கிலாந்து போரிடுகிறது என நம்பிய சில்டர்ஸ், உடனே ஆங்கிலக் கடற்படையிற் சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. எங்கடினே என்னும் கப்பலில் அமர்ந்து விமானிகளுக்கு வழியறி கலையைப் பயிற்றினார். 1914ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கக்ஸ்ஹாவன்மீது கடல்விமானங்கள் தாக்குதல் நிகழ்த்தியபோது, அவற்றுள் ஒன்றில் நோக்கராகச் சென்றார். எந்த மணற்பரப்பைப் பன்னாட்கள் படகில் அளந்தாரோ, அதன்மீதே வானிற் பறந்தார். அவர்தம் வீரத்தைப் பாராட்டி 1917ஆம் ஆண்டில் ஆங்கில அரசு பதக்கம் வழங்கிற்று.

ஆயினும் 1916ஆம் ஆண்டில் டப்ளினில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியும், அதன் தலைவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டமையும் அவரை வருத்தின. அக்கிளர்ச்சியிற் பயன்பட்டவை அவர் கொணர்ந்த துப்பாக்கிகளே. சிறு நாடுகளின் உரிமைக்காக எனச் சொல்லிப் போரிட்ட அரசே, அருகிலிருந்த சிறு நாட்டின் உரிமையை மறுத்தமை அவருக்குப் பொறுத்தற்கரியதாயிற்று. போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில் குடும்பத்தோடு டப்ளினிற் குடியேறினார். அயர்லாந்து மக்கள் உற்ற துன்பங்களை உலகுக்கு எடுத்துரைக்கும் எழுத்துப் பணியை மேற்கொண்டார். 1921ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்றமாகிய டாயிலுக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

உடன்படிக்கையும் பிளவும்

அவ்வாண்டில் இங்கிலாந்தோடு அமைதி பேச இலண்டன் சென்ற குழுவுக்குச் சில்டர்ஸ் செயலாளராக அமர்ந்தார். டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி அயர்லாந்து தன்னாட்சி பெற்றது. ஆயினும் மன்ற உறுப்பினர் ஆங்கில மன்னர்க்கு உண்மையாயிருப்பதாக உறுதிமொழி கூறவேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. கிடைத்ததை ஏற்று மேலும் முன்னேறுதலே அறிவுடைமை என்றனர் ஆர்தர் கிரிபித்தும் மைக்கேல் காலின்சும். முழு விடுதலையே வேண்டும் என்றனர் டி வலேராவும் சில்டர்சும். 1922ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் டாயில் 64 வாக்குகளால் உடன்படிக்கையை ஏற்றது. எதிர்த்தோர் 57 பேர். இரு சாராரும் நாட்டுப்பற்றுடையவரே. இருவர்தம் உள்ளமும் தூயதே. எனினும், ஒன்றாய் நின்று போராடியவர் இரண்டாய்ப் பிரிந்து தம்முள் பொருதமை பெருந்துயரமாகும்.

இப்பிளவிற் பெரும்பழி சில்டர்ஸ்மீது விழுந்தது. இங்கிலாந்திற் பிறந்து அந்நாட்டுப் படையில் பணிபுரிந்தவராதலின், அயர்லாந்துத் தலைவர் சிலர் அவரை ஆங்கிலேயரின் ஒற்றராக இருக்கலாம் என ஐயுற்றனர். கிரிபித்து மன்றத்திலேயே அவரை ஆங்கிலேயர் எனச் சினந்து இழித்தார். ஆங்கில நாட்டிலோ சர்ச்சில் போன்றோர் அவரைத் தாய்நாட்டுக்குப் பகையானவர் எனத் தூற்றினர். தாம் படைத்த டால்மனுக்கு ஏற்ற பழி தமக்கே சூட்டப்படுவதை அவர் கண்டார். ஆயின் இருவர்க்கும் உள்ள வேற்றுமை பெரிது. டால்மன் பெயரையும் கொள்கையையும் மறைத்து மாற்றார்க்குப் பணிபுரிந்தான். சில்டர்சோ தம் மனமாற்றத்தை நூலாக எழுதி வெளியிட்டார், பதவியைத் துறந்தார், தம் கொள்கையை மன்றத்தில் நின்று உரைத்தார்.

இறுதி நாள்

1922ஆம் ஆண்டு சூன் திங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. சில்டர்ஸ் தெற்குப் பகுதியில் இடம்விட்டு இடம் மாறி, உடன்படிக்கையை எதிர்த்தோர் சார்பில் செய்தித்தாள் நடத்தினார். புதிய அரசு, இசைவின்றிப் படைக்கலம் வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தைப் படைத்துறை மன்றங்களுக்கு வழங்கியது. நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள், தாம் வளர்ந்த கிளெண்டலாக் இல்லத்திலேயே அவர் சிறைப்பட்டார். அவரிடம் இருந்தது சிறியதொரு கைத்துப்பாக்கி. நட்பாயிருந்த நாளில் காலின்ஸ் அளித்த பரிசு அஃது என்பர். அது வைத்திருந்த குற்றத்துக்கே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சார்பில் செய்யப்பெற்ற முறையீடு முடிவடையுமுன்னரே, நவம்பர் 24ஆம் நாள் காலை டப்ளினில் பெக்கர்ஸ் புஷ் படைவீட்டில் அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

முன்னர், பதினாறு வயதினராகிய மூத்த மகன் அவரைக் காண வந்தார். அவரிடம் தந்தையார் ஓர் உறுதிமொழி பெற்றார். தம் சாவுக்குக் காரணமான ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கைகுலுக்க வேண்டும் என்பதே அது. தாம் இறந்தபின் வெறுப்பு வளர்தலாகாது, பழிக்குப்பழி என்னும் எண்ணம் மகன் உள்ளத்தில் முளைத்தலாகாது என்பது அவர் விழைவு. கொலைக்களத்திலும் அவர் தம் சொல்லுக்கேற்ப ஒழுகினார். சுடுதற்கு நின்ற வீரர் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினார். குறி தவறி அவர்கள் இடர்ப்படாதிருக்கச் சிறிது முன்னே வருமாறும் அன்போடு கூறினார்.

அம்மகனார் எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ் தந்தையார்க்கு அளித்த உறுதிமொழியைப் போற்றினார். பகையை வளர்க்காது பொதுப்பணியில் ஈடுபட்டு, 1973ஆம் ஆண்டில் அயர்லாந்தின் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். அப்பதவியில் இருக்கும்போதே 1974ஆம் ஆண்டில் மறைந்தார். ஒற்றர் என ஐயுற்றுக் கொல்லப்பட்டவரின் மகனையே அந்நாடு தன் முதற்குடிமகனாக ஏற்றமை, தந்தையார்மீது சுமத்தப்பட்ட பழியைக் காலமே துடைத்தமைக்குச் சான்றாகும்.

ஆஸ்கார்டு கலம் இன்று டப்ளினில் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பெற்று வருகிறது. ‘மணல்களின் புதிர்’ உலகெங்கும் படிக்கப்பெற்று வருகிறது. மறைவில் கிடக்கும் சூழ்ச்சியைக் கூரறிவால் கண்டறியலாம் என்பதை அப்புதினம் கற்பிக்கிறது. கண்ட உண்மையை மறையாது உரைத்தலும், அதன்பொருட்டு வரும் இழிசொல்லைப் பொறுத்தலும், கொல்ல வந்தார்மீதும் பகை கொள்ளாமையும் அறிவினும் அரியன என்பதைச் சில்டர்சின் வாழ்வு கற்பிக்கிறது.